பாறையோடு நின்ற எழுத்தும் கோப்போடு வராத எழுத்தும்

திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில், குன்றின் குகைப் பாறையில் சிறியதொரு தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1981-இல் அதைக் கண்டறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடையாக அளித்த உறைவிடம் அந்தக் குகை என்பது அதன் செய்தி. அதில் அதியமானுக்கு முன்னால் வரும் பட்டப்பெயர், அசோகரின் கல்வெட்டுகளில் குறிக்கப்படும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்று காட்டியது. வரலாற்றாசிரியர்களின் நெடுநாள் கேள்விக்கு ஒரு பாறை விடை சொன்னது.

அந்தப் பாறை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒன்றை விடாமல் காத்து வந்திருக்கிறது: எழுத்தின் வடிவம். வாசிக்க வருபவர் கையோடு எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. எழுத்தை அறிந்திருந்தால் போதும். எழுத்தும் அதைத் தாங்கும் பொருளும் அங்கே ஒன்றாகவே கிடக்கின்றன.

இன்று திருக்கோவிலூரும் அடங்கிய அதே கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வேறொரு காட்சி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், கச்சிராயபாளையத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் கைப்பேசியை நீட்டுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையை அச்செடுக்க வேண்டும். கடைக்காரர் கோப்பைத் திறக்கிறார். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. “ஃபான்ட் இல்லண்ணே. அனுப்புனவங்களையே பி.டி.எஃப்-ஆ மாத்தி அனுப்பச் சொல்லுங்க” என்கிறார். டி.டி.பி. வேலை தெரிந்த எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. மலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு அது ஒரு நாள் கூலி.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் உரிமக் காரணமும் உண்டு. முதலாவதைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். ஓர் எழுத்துருவை மின் ஆவணத்துக்குள் பதித்து அனுப்ப யாருக்கு, எந்த அளவுக்கு அனுமதி இருக்கிறது? பொது ஆவணங்களைப் பொறுத்தவரை இது அச்சகத்தார் கவலை மட்டும் அல்ல, குடிமக்களின் உரிமை சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணாக மாறிய எழுத்து

அச்சு ஈய எழுத்தில் நடந்த காலத்தில், எழுத்து வார்ப்புகளை அச்சகம் விலைக்கு வாங்கியது. வாசகர் வாங்கியது தாளை. தாளில் படிந்த மையோடு எழுத்தின் வடிவமும் வாசகர் கைக்கு வந்துவிட்டது. வார்ப்பு எங்கே இருக்கிறது, யாருடையது என்று அவர் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

மின் ஆவணம் இந்த இணைப்பை அறுத்தது. கோப்பில் இருப்பவை எண்கள். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்வது எழுத்துரு என்ற தனிக் கோப்பு. அது வாசிப்பவரின் கணினியில் இருந்தால் ஆவணம் ஆவணமாகத் தெரியும். இல்லாவிட்டால் கணினி தன்னிடமுள்ள வேறோர் எழுத்துருவை அந்த இடத்தில் வைத்துக் காட்டும். ஆக, இதற்கு ஒரே முழுமையான தீர்வு எழுத்துருவையும் ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்புவது. இதையே எழுத்துருப் பதிப்பு அல்லது உட்பொதிப்பு என்கிறோம். பாறை செய்த வேலையைக் கோப்பும் செய்ய ஒரே வழி இதுதான்.

1993-இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப். வடிவத்தைக் கொண்டுவந்தபோது, 14 எழுத்துருக்களைப் பதிக்கத் தேவையில்லை என்று வகுத்தது. டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் ஆகிய ஒவ்வொன்றிலும் நான்கு, அவற்றோடு குறிகளுக்கான இரண்டு. எந்தக் கணினியிலும் இவற்றுக்கு ஈடான எழுத்துகள் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த 14-இல் தமிழ் இல்லை. எனவே ஆங்கில ஆவணத்துக்குப் பல ஆண்டுகள் விருப்பத் தேர்வாக இருந்த பதிப்பு, தமிழ் பி.டி.எஃப்.-க்கு முதல் நாளிலிருந்தே கட்டாயம். பதிப்பு அனுமதியின் வரம்புகள் ஆங்கிலத்தை விடத் தமிழை அழுத்தமாகத் தொடுவதற்கு இது முதல் காரணம்.

மூன்று மாவட்டம், மூன்று குறியாக்கம்

இரண்டாவது காரணம் நம் நிர்வாக வரலாற்றில் இருக்கிறது. கல்வராயன் மலையின் கிழக்குப் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30-இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்று கல்வராயன்மலை தனி வட்டம், வெள்ளிமலை அதன் தலைமையிடம். ஒரு மலைக் கிராமத்தின் வருவாய்க் கோப்பு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மூன்று மாவட்டத் தலைமையிடங்களோடு தொடர்பு கொண்டிருக்கிறது.

இதே காலத்தில் தமிழ்க் கணினியின் குறியாக்கமும் மாறிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை அவரவர் விருப்பப்படி அடுக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம் புழங்கியது. 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய குறியாக்க எழுத்துருக்கள் அலுவலக மேசைகளை விட்டு உடனே போகவில்லை.

இங்கே ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய எழுத்துருக்களில் ஒன்றின் பெயர் ‘வானவில் ஔவையார்’. லினக்ஸ் தொகுப்புகளில் கட்டற்ற உரிமத்தோடு இடம்பெற்ற பழைய தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயர் ‘பரணர்’. ஜம்பைக் கல்வெட்டின் அதியமானைப் பாடியவர் ஔவையார். அதே அதியமான் கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரை, வென்றதைப் பரணர் பாடினார் என்பதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடலே குறிப்பிடுகிறது. இந்த மண்ணோடு பிணைந்த இரு புலவர்களின் பெயரை எழுத்துருக்களுக்குச் சூட்டி மகிழ்ந்திருக்கிறோம். அந்த எழுத்துருக்கள் ஆவணத்தோடு சேர்ந்து பயணம் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் உரிய நேரத்தில் செய்யவில்லை.

குறியாக்கத்தையும் பதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைகள் தெரியும். பழைய குறியாக்கத்தில், எழுத்துருப் பதிக்காமல் வரும் ஆவணம் குப்பையாகத் தெரியும். ஜெராக்ஸ் கடையில் நடந்தது அதுதான். பழைய குறியாக்கத்தில் எழுத்துருவைப் பதித்து வரும் ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் குப்பை, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது தமிழே அல்ல. ஒருங்குறியில், பதிக்காமல் வரும் ஆவணம் வேறோர் எழுத்துருவில் வாசிக்கக் கிடைக்கும், ஆனால் வரிகள் இடம் மாறும், அட்டவணைக் கட்டங்கள் வழியும், பக்க எண்கள் பிசகும். ஒருங்குறியில், பதித்து வரும் ஆவணமே முழுமையானது. ஒருங்குறிக்கு மாறியதோடு வேலை முடிந்தது என்று நாம் எண்ணியது பாதி உண்மை மட்டுமே.

கோப்புக்குள் இருக்கும் ஓர் எண்

எழுத்துருக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால், அதில் வடிவங்களோடு பல அட்டவணைகள் இருக்கும். ஓபன்டைப் தரத்தின்படி அவற்றில் ஒரு புலம் பதிப்பு அனுமதிக்கென்றே ஒதுக்கப்பட்டது. எழுத்துருவை உருவாக்கியவர் அதில் ஓர் எண்ணை எழுதி வைக்கிறார்.

அந்த எண் 0 என்றால், ஆவணத்தில் பதிக்கலாம், பெறுபவர் கணினியில் நிறுவிக்கொள்ளவும் தடையில்லை. 8 என்றால், பதிக்கலாம், பெறுபவர் அந்த ஆவணத்தைத் திருத்தவும் செய்யலாம். 4 என்றால், பார்க்கவும் அச்சிடவும் மட்டுமே பதிக்கலாம், அப்படிப் பதித்த ஆவணத்தைத் திருத்த முடியாத நிலையில்தான் திறக்க வேண்டும். 2 என்றால், உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி பெறாமல் பதிக்கவே கூடாது. இவற்றோடு இரண்டு கூடுதல் குறிகள் உண்டு. 256 சேர்ந்திருந்தால் எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பதிக்கக் கூடாது. 512 சேர்ந்திருந்தால் கோட்டு வடிவங்களை விட்டுப் புள்ளிப் படங்களை மட்டுமே பதிக்கலாம்.

வேர்டு போன்ற மென்பொருள்கள் இந்த எண்ணைப் பார்த்தே நடக்கின்றன. ‘எழுத்துருவைக் கோப்பில் பதி’ என்ற தேர்வைத் தட்டியும் எழுத்துரு பதியவில்லை என்றால், பெரும்பாலும் அந்த எண் 2 ஆக இருக்கும். அலுவலர் தவறு செய்ததாக நினைப்பார். தவறு அவருடையதல்ல. அந்த எழுத்துருவை வாங்கிய நாளில் யாரும் இந்த அனுமதியைக் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் உள்ள ஏதேனும் ஒரு தமிழ் பி.டி.எஃப். கோப்பை இப்போதே சோதிக்கலாம். வாசிப்பு மென்பொருளில் ஆவணப் பண்புகளைத் திறந்து, எழுத்துருக்கள் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். எழுத்துருவின் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் இருந்தால், ஆவணத்தில் வந்த எழுத்துகள் மட்டும் வெட்டிப் பதிக்கப்பட்டுள்ளன என்று பொருள். பெயருக்குப் பக்கத்தில் பதிக்கப்பட்டது என்ற குறிப்பே இல்லையென்றால், அந்த ஆவணம் உங்கள் கணினியின் தயவில்தான் தெரிந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையை, சுற்றறிக்கை அனுப்பும் ஒவ்வொரு அலுவலகத்திலும் வழக்கமாக்கிவிடலாம்.

எண் வேறு, உரிமம் வேறு

கோப்பில் உள்ள எண் ஓர் அறிவிப்புப் பலகை போன்றது. உண்மையான உரிமை, வாங்கும்போது ஒப்புக்கொள்ளும் உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டும் பொருந்தாமல் போவதும் உண்டு. எண் 0 என்று இருந்தும் ஒப்பந்தம் பதிப்பைத் தடுக்கலாம். எண் 2 என்று இருந்தும் உரிமையாளர் தனியே எழுத்துமூலம் அனுமதி தரலாம். தகராறு என்று வந்தால் பேசப்போவது ஒப்பந்தமே.

இந்த வேறுபாட்டை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2005-இல் நேரடியாகச் சந்தித்தது. அடோபியின் அக்ரோபாட் 5, தங்கள் எழுத்துருக்களின் பதிப்புக் குறியை மீறி, திருத்தக்கூடிய புலங்களில் அவற்றைப் பதிக்க வழிசெய்கிறது என்று அக்ஃபா மோனோடைப் வழக்குத் தொடுத்தது. பதிப்புக் குறி என்பது ஒரு பூட்டு அல்ல, அது உரிமையாளரின் விருப்பத்தைத் தெரிவிக்கும் செய்தி மட்டுமே, ஆகவே பூட்டை உடைத்ததற்கான சட்டப்பிரிவு இங்கே பொருந்தாது என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. எண்ணை மட்டும் நம்பி அனுமதி உண்டென்றோ இல்லையென்றோ முடிவு செய்யக் கூடாது என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இந்தியச் சட்டத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. எழுத்துருவைக் கலைப்படைப்பாகப் பதிவு செய்யக் கோரிய விண்ணப்பத்தைப் பதிப்புரிமை வாரியம் 2002-இல் ஏற்க மறுத்தது. எழுத்து எல்லோருக்கும் பொதுவான கருவி, அதன் வடிவத்தை ஒருவர் பதிப்புரிமையாகப் பிடித்து வைக்க முடியாது என்ற சிந்தனையின் தொடர்ச்சி அது. ஆனால் வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் எழுத்து வடிவத்தைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகளுக்கு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கு. பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதிக் காக்கிறது. நிறுவனங்கள் எழுத்துருவைக் கணினி நிரல் என்ற பெயரிலேயே உரிமம் கொடுக்கின்றன. எனவே வடிவம், கோப்பு, ஒப்பந்தம் ஆகிய மூன்றும் மூன்று தளங்கள். ஆவணத்தில் பதிக்கும்போது நாம் நகலெடுப்பது கோப்பை. ஆகவே கோப்பின் உரிமமே நம்மைக் கட்டும்.

எழுத்துரு வடிவமைப்பாளரின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்துருவில் உயிர்மெய் வடிவங்கள், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்கள், கிரந்தக் கூட்டுகள் என்று ஒவ்வொன்றையும் கண்ணால் அளந்து வரைய வேண்டும். அது பல மாத உழைப்பு. பதிக்கப்பட்ட ஆவணத்திலிருந்து எழுத்துருவைப் பிரித்தெடுத்துக் காசில்லாமல் பரப்புவோர் இருப்பதால்தான் அவர்கள் பதிப்பைக் கட்டுப்படுத்துகிறார்கள். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த வட்டாரம் பெருமைப்பட்டது. உளி பிடிக்கும் கையின் உரிமையை மதிக்கிற ஊர், எழுத்து வரையும் கையின் உரிமையையும் மதிக்க வேண்டும். கலைஞருக்கு உரிய விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். பொதுப் பணத்தில் விலை கொடுக்கும்போது, பொதுமக்களுக்குத் தேவையான உரிமையைச் சேர்த்து வாங்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

படிவம் என்னும் சோதனை

இந்த உரிமைகள் நடைமுறையில் எங்கே இடிக்கும் என்பதைப் படிவத்தில் பார்க்கலாம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு ஆவணம் என்பது வெறும் தாள் அல்ல. அவர்கள் நிலம் நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. ஜாகிர் உரிமை விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் வழங்கியது என்பது அங்கு வழங்கும் மரபு. 1976-இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. பட்டா, சிட்டா, அடங்கல், கிராம சபைத் தீர்மானம், வன உரிமைக் கோரிக்கை என்று பிறகு வந்த ஒவ்வொரு காகிதமும் உழுகிற நிலத்தின் மீது ஒரு குடும்பத்துக்கு உள்ள பிடிமானம். வன உரிமைச் சட்டம், 2006 கோரிக்கையின் தொடக்க இடமாகக் கிராம சபையையே வைத்திருக்கிறது. அதற்கான படிவம் மலைக்கு ஒழுங்காக வந்து சேர வேண்டும், நிரப்பியது ஒழுங்காகத் திரும்பிச் செல்ல வேண்டும்.

ஒரு படிவத்தை நிரப்பத்தக்க பி.டி.எஃப். ஆக வெளியிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்து அச்சிட மட்டும் அனுமதிக்கும் எழுத்துரு இங்கே போதாது. பெறுபவர் அதில் எழுதப்போகிறார், ஆகவே திருத்தும் அனுமதி வேண்டும். அடுத்தது வெட்டிப் பதிக்கும் சிக்கல். படிவத்தில் அச்சாகியிருக்கும் சொற்களில் ‘ஷ’ என்ற எழுத்தே வரவில்லை என்றால், வெட்டிப் பதித்த எழுத்துருவிலும் அது இருக்காது. விண்ணப்பிப்பவர் பெயர் சந்தோஷ் என்றால், பெயரின் இறுதியில் ஒரு கட்டம் தோன்றும். ஓர் எழுத்து இல்லாமல் போனதால் ஒருவர் பெயரே ஆவணத்தில் தவறாகிவிடும். பெயர் தவறான ஆவணம் நம் அலுவலகங்களில் என்ன பாடு படுத்தும் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே நிரப்பும் படிவத்தில் எழுத்துருவை முழுமையாகவே பதிக்க வேண்டும். தமிழ் எழுத்துருவில் இருப்பவை சில நூறு வடிவங்கள். பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட சீனத்தைப் போலக் கோப்பு பெருத்துவிடும் என்ற தயக்கம் தமிழுக்குப் பொருந்தாது.

இணையத்தில் விண்ணப்பித்ததும் ஒரு சான்றிதழ் தானாக உருவாகி வருகிறதே, அங்கே வேறொரு உரிமம் குறுக்கிடும். பல எழுத்துரு நிறுவனங்கள் மேசைக் கணினி உரிமத்தையும் சர்வர் உரிமத்தையும் தனித்தனியாக விற்கின்றன. வலைத்தளத்துக்கு, செயலிக்கு, மின்னூலுக்கு என்றும் தனி விலை. ஓர் அலுவலர் தன் மேசையில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்குவதற்கு வாங்கிய உரிமம், சர்வர் ஒன்று நாளெல்லாம் ஆவணங்களை உற்பத்தி செய்வதற்குச் செல்லாமல் போகலாம். விண்டோஸுடன் வரும் லதா, விஜயா, நிர்மலா போன்ற எழுத்துருக்களை அவற்றின் பதிப்புக் குறிக்கு உட்பட்டு ஆவணத்தில் பதிக்கலாம். ஆனால் எழுத்துருக் கோப்பைத் தனியே பிரித்து இன்னொருவருக்கு அனுப்ப உரிமம் இல்லை. “ஃபான்ட்டையும் சேர்த்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க” என்ற நம் அன்றாட வழக்கம், அந்த எழுத்துரு தனியுரிமை கொண்டதாக இருந்தால், உரிம மீறல்.

காப்பகத்துக்கு வந்தால் விதி இன்னும் கண்டிப்பானது. நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005-இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்/ஏ என்ற சர்வதேசத் தரம், ஆவணத்தில் பயன்பட்ட எழுத்துருக்கள் அதற்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அதோடு நில்லாமல், எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் காட்டுவதற்குச் சட்டப்படி பதிக்கத்தக்க எழுத்துருவாகவும் அது இருக்க வேண்டும் என்கிறது. 2 என்ற எண் கொண்ட எழுத்துருவில் எழுதிய ஆவணத்தை, தனி அனுமதி இல்லாமல், இந்தத் தரத்துக்கு முறைப்படி மாற்ற முடியாது. இன்று எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் அலுவலர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஆய்வாளர் ஒருவருக்கும் சேர்த்தே முடிவெடுக்கிறார்.

திறந்த எழுத்துருக்கள் தரும் வழி

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. எஸ்.ஐ.எல். நிறுவனம் உருவாக்கிய திறந்த எழுத்துரு உரிமம் 2005-இல் வெளிவந்தது, இன்று புழங்கும் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. அந்த உரிமத்தில் வரும் எழுத்துருவைப் பதிக்கலாம், பகிரலாம், மாற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். முக்கியமான தெளிவு ஒன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது: எழுத்துருவைக் கொண்டு உருவாக்கிய ஆவணத்தை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது.

அந்தத் தெளிவின் அருமை லோகித் எழுத்துருக்களின் கதையில் தெரியும். ரெட் ஹேட் நிறுவனம் 2004-இல் லோகித் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துருக்களை ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வெளியிட்டது. மென்பொருளுக்கு மிக நல்ல உரிமம் அது. ஆனால் எழுத்துருவை ஆவணத்தில் பதித்தால் ஆவணமும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடுமோ என்ற கேள்வியை அது எழுப்பியது. அதைத் தீர்க்கவே எழுத்துருக்களுக்கென விதிவிலக்குப் பத்தி ஒன்றைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எழுதித் தந்தது. 2011-இல் லோகித் திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும், பதிப்பைப் பற்றி உரிமத்தில் எழுதாமல் விட்டால் ஐயம் எஞ்சும் என்பதற்கு அது சான்று.

இன்று இந்த உரிமத்தில் தரமான தமிழ் எழுத்துருக்கள் பல கிடைக்கின்றன. நோட்டோ தமிழ், பிரியா இரவிச்சந்திரனின் கட்டுமரம், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், கவிவனார், முக்த மலர், மீரா இனிமை எனப் பட்டியல் நீளும். தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் கட்டணமின்மையும் உரிமமும் ஒன்றல்ல. பதிப்பு, திருத்தம், சர்வர் பயன்பாடு, மறுவழங்கல் ஆகிய நான்கையும் வெளிப்படையாக அனுமதிக்கும் ஓர் உரிமக் கோப்பு, பொதுப் பணத்தில் உருவான ஒவ்வோர் எழுத்துருவோடும் இருக்க வேண்டும்.

பழைய நில ஆவணங்களுக்கும் இதே தேவை இருக்கிறது. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளும் கணக்குக் குறிகளுமாக 51 வடிவங்களை 2019 மார்ச்சில் வந்த ஒருங்குறி 12.0 ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான கணினிகளில் அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லை. பழைய கணக்கு ஒன்றை இன்று தட்டச்சு செய்து வெளியிட வேண்டுமானால், அந்தக் குறிகள் அடங்கிய நோட்டோ தமிழ்த் துணை எழுத்துருவைப் போன்ற ஒன்றைப் பதித்தே ஆக வேண்டும். ஜம்பைக் கல்வெட்டின் தமிழி வரிவடிவத்துக்கும் அதே நிலைதான். பிராமிக்கு 2010-இலேயே ஒருங்குறியில் இடம் கிடைத்துவிட்டது, அதைக் காட்டும் எழுத்துரு கோப்போடு சேர்ந்து போனால்தான் வாசகர் கண்ணில் எழுத்தாகத் தெரியும்.

செய்ய வேண்டியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காம் பிரிவு, அரசு அமைப்புகள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்றும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அரசிதழில் வெளியானவற்றை மறுபதிப்புச் செய்யப் பதிப்புரிமைச் சட்டம் பெருமளவு இடம் கொடுக்கிறது. வாசகத்தைப் பரப்ப உரிமை இருந்து, அந்த வாசகம் தெரிவதற்கான எழுத்துருவைப் பரப்ப உரிமை இல்லையென்றால், முதல் உரிமை பாதியாகிவிடுகிறது. திறக்க முடியாத ஆவணத்தை வெளியிடுவது, வெளியிடாமல் இருப்பதற்கு நிகர்.

எனவே, எழுத்துரு வாங்கும் ஒவ்வொரு அரசு ஒப்பந்தத்திலும் பதிப்பு, திருத்தம், சர்வர், காப்பகம் ஆகியவற்றுக்கான உரிமையைக் கால வரம்பின்றி எழுத்தில் பெற வேண்டும். அப்படிப் பெற முடியாத எழுத்துருவைப் பொது ஆவணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. புதிய ஆவணங்கள் ஒருங்குறியில், திறந்த உரிம எழுத்துருவில், பி.டி.எஃப்/ஏ வடிவில் வெளிவர வேண்டும். நிரப்பும் படிவங்களில் எழுத்துரு முழுமையாக இருக்க வேண்டும். பழைய குறியாக்கத்தில் கிடக்கும் கோப்புகளை, அவற்றைத் திறக்கும் கணினிகளும் அந்த எழுத்துருக்களை அறிந்த தட்டச்சர்களும் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். மாவட்டம் பிரிந்தபோது கோப்புகளைக் கட்டி அனுப்பினோம். அவற்றை வாசிப்பதற்கான எழுத்துருவும் அதன் உரிமமும் சேர்ந்து வந்தனவா என்று இப்போதாவது ஒவ்வோர் அலுவலகமும் சரிபார்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை. வாங்கும்போது ஒரு கேள்வி, அனுப்பும்முன் ஒரு நிமிடச் சோதனை, உரிமத்தில் நான்கு வரிகள் போதும். வெள்ளிமலையிலிருந்து கீழே வருகிறவர் கையிலுள்ள கோப்பு எந்தக் கடையில் திறந்தாலும் தமிழாகத் தெரிய வேண்டும். அதற்கான அனுமதியைக் கேட்டு வாங்கி வைப்பது ஆவணத்தை எழுதுகிறவரின் கடமை. வாசிக்க வருகிறவரிடம் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.